தானாய் இறுகிய பால்

முதலில் கேட்டது தொப்பென்று ஒரு சத்தம். பாய்லருக்கு அடியில் கரியைத் தள்ளிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்த அருமைநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சித்தாய் அக்காள் தனக்குப் பின்னால் நின்று கேனிலிருந்து அண்டாவில் பால் ஊற்றுவதை வருஷக்கணக்காகக் காதாலேயே பார்த்துப் பழகியவன் அவன், பால் முதலில் அலுமினியத்தில் பட்டு ஒரு கூச்சல் போடும், பிறகு பாலிலேயே பால் விழுந்து முனகும், கடைசியில் கேனைக் கவிழ்த்துப் பிடிக்கும்போது சொட்டுச் சொட்டாக ஏதோ முணுமுணுத்துவிட்டு அடங்கும். அன்றைக்குக் கூச்சலும் இல்லை, முனகலும் இல்லை. நனைந்த துணிமூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு தொப், அவ்வளவுதான்.

"யக்கா, என்னத்தப் போட்டீய உள்ள?"

"என்னத்தப் போட? பாலத்தான் ஊத்துனேன்," என்றாள் பேச்சித்தாய். கொஞ்சம் பொறுத்து, "விழுந்துட்டு தம்பி," என்றாள்.

அருமைநாயகம் எழுந்து வந்து பார்த்தான். அண்டாவுக்குள் கேனின் உருவத்திலேயே பால் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது, தோளும் கழுத்துமாக, லேசாக நடுங்கிக்கொண்டு. பேச்சித்தாய் ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"கெட்டுப்போச்சா?"

"கெட்ட வாடையே இல்ல."

"அப்ப தயிராயிட்டா?"

"உறை ஊத்தாம எப்படி தம்பி தயிராகும்? இப்பத்தான் கறந்துட்டு வாரேன். தொட்டுப் பாரு, மடிச்சூடுகூட அடங்கல."

தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்தான், விளாம்பழம் பழுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சமயத்தில் அதில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு புளிப்பு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு இனிப்பு. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது, கெட்டுப்போயிருந்தால் தூக்கி ஓடையில் கொட்டிவிட்டு வேறு பால் வாங்கலாம், தயிராக இருந்தால் உறை ஊற்றிய கையைப் பிடித்துத் திட்டலாம், கெடவும் இல்லாமல் உறை ஊற்றவும் இல்லாமல் தன்பாட்டுக்கு இறுகி நிற்கிற பாலை வைத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்காரன் என்ன செய்வான்?

தேரிவிளை சின்ன ஊர். ஒரு பக்கம் செம்மண் மேடாகக் கிடக்கும் தேரி, மறுபக்கம் ஓடைப்பாலம், நடுவே பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் டைம் கீப்பர் வைகுண்டத்தின் மேஜை, அதற்கு எதிரே அருமைநாயகத்தின் டீக்கடை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க ஒரே கதையாகிவிட்டது. கறந்த பாலும் இறுகியது, பாக்கெட் பாலும் குட்டித் தலையணை போல இறுகியது, பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளையாகிற வரை பொறுத்திருந்து வெள்ளையானதும் இறுகியது. ஓடைப்பாலத்தைத் தாண்டி உள்ளே வருகிற பஸ்ஸில் கைப்பிள்ளையின் பால்புட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வரை கெட்டியாகி, பஸ் மறுபடி பாலம் தாண்டியதும் இளகிவிடுகிறது என்று கண்டக்டர்கள் சொன்னார்கள். தாய்ப்பால் மட்டும் தாய்ப்பாலாகவே இருந்தது. அதனால் ஊர் பயப்படவில்லை. கொஞ்ச நாள் கோபப்பட்டது, அப்புறம் பழகிக்கொண்டது.

கோபம் முதலில் பேச்சித்தாய் மேல்தான் பாய்ந்தது, என்னத்தையோ கலந்துவிட்டாள் என்று. அவள் தன் பசுமாட்டை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, "கலக்குறதுன்னா தண்ணிதான் கலப்பேன், அது தேரிவிளைக்கே தெரியும், பாலக் கெட்டியாக்குத மருந்து எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா உங்க மத்தியில இருக்கேன்?" என்று கேட்டபின் அந்தப் பேச்சு அடங்கியது. ஜில்லாவிலிருந்து ஜீப்பில் வந்த ஆபீஸர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், பாலம் தாண்டியதும் அது சாதாரணப் பாலாகிவிட்டதால், இது சாதாரணப் பால்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அருமைநாயகம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அடுப்பையும் சட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் டீ போட்டுப் பார்த்தான். அங்கே ஆடுகளைத் தவிர யாரும் வரவில்லை. சரி, போட்ட டீயைத் தூக்குவாளியில் ஊற்றி ஊருக்குள் கொண்டுவந்தால், வைகுண்டத்தின் மேஜைக்கு வருவதற்குள் அது பழுப்பு நிறத்தில் செங்கல்லாகி நின்றது. வைகுண்டம் அதைக் கரண்டியால் வெட்டித் தின்றுவிட்டு, "இதுவும் ஒரு ருசியாத்தான்வே இருக்கு மாஸ்டர்," என்றான். அருமைநாயகத்துக்கு வந்த ஆத்திரத்தில் தூக்குவாளியைத் தேரியில் எறிந்துவிட்டு, பிறகு அவனே போய் மண்ணைத் தட்டி எடுத்துவந்தான்.

அவனுக்கு மட்டும் ஏன் அத்தனை ஆத்திரம் என்பது ஊருக்கு விளங்கவில்லை. விளங்கும்படி அவனும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய விஷயம் எப்சிபாவைப் பற்றியது. எப்சிபா அவன் மனைவி. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ், சும்மா இரண்டு வருஷம் என்று போனவள், இரண்டு வருஷம் முடிந்து, அதன் மேல் இன்னும் இரண்டு வருஷமும் போய்விட்டது. பிள்ளைகள் இல்லாததால் போவதற்கும் தடை இல்லை, வருவதற்கும் இழுப்பு இல்லை. அவள் ஊரில் இருந்த காலத்தில் விடியற்காலையில் பாய்லர் கொதித்ததும் அவள் வந்து நிற்பாள். அன்றைய முதல் டீயை யாருக்கும் கொடுக்காமல் ரோட்டில் ஊற்றுவது டீக்கடைக்காரர்கள் வழக்கம், அவன் கிளாஸைக் கவிழ்க்கப்போகும்போது, "ரோடு என்ன ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு வேலை பாத்துட்டா வந்திருக்கு? இங்க தாங்க," என்று பிடுங்கிக் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி நைட் டூட்டியின் அலுப்பெல்லாம் அந்த ஒரு மடக்கில் தீர்ந்ததுபோலப் பெருமூச்சு விடுவாள். அவள் போனபின் முதல் டீ ரோட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

அவனையும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். அதற்காகவே ஒருமுறை சென்னைக்குப் போனான், விசாவுக்குக் கைரேகை கொடுக்க. கண்ணாடிக் கட்டிடம், உள்ளே மேலே ஏறுவதற்கு ஓடுகிற படி. ஒவ்வொரு படியும் தரைக்குள்ளிருந்து முளைத்து மேலே போய்க்கொண்டே இருந்தது, எந்தப் படியில் காலை வைப்பது என்று பார்த்துப் பார்த்து நின்றான், பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், ஒரு சின்னப்பிள்ளை அவனைத் தாண்டி ஏறிப்போய் மேலே நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தது. திரும்பி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். டீ கிளாஸ் பிடித்துப் பிடித்து விரல்ரேகை வெந்துபோய்விட்டது, மெஷினில் விழவில்லை என்று எப்சிபாவிடம் சொன்னான். அவளும், "அப்படியா அத்தான்," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பிற்பகலில், கடை ஈயோட்டுகிற நேரத்தில், அங்கே அவளுக்கு விடிந்து நைட் டூட்டி முடிந்திருக்கும், போன் வரும். பால் இறுகியதற்கு முந்தின நாளும் வந்தது.

"அத்தான், ஒரு வார்த்தை சொல்லுங்க. வாரியளா, இல்லையா?"

"நீ எப்ப வார, அதச் சொல்லு."

"நான் அடுத்த வருசம் வந்துருவேன். நீங்க சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை தொண்டை வரை வந்தது, அங்கே நின்று அவனைப் பார்த்தது, அவன் அதை விழுங்கினான்.

"மழை வருது எப்சி, சாமானெல்லாம் வெளிய கிடக்கு, அப்புறம் பேசுதேன்," என்று போனை வைத்தான். தேரிவிளையில் அப்போது மழை பெய்து மாசக்கணக்காகியிருந்தது, வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை.

இதற்கும் பாலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை.

ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. புதுமனைக்குப் பால் காய்ச்சுகிறவர்கள் பால் பொங்காமல் சட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாள் தள்ளிப்போட்டார்கள், பிறகு பெரியவர்கள் கூடி, பால் கொஞ்சம் ஆடினால் பொங்கினதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள், எல்லோரும் சட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குலவையிட்டார்கள். கோயிலில் அபிஷேகம் செய்தபோது பால் சாமியின் தலையிலிருந்து பட்டுச்சால்வைபோல இறங்கித் தோளில் தங்கியது. இதைப் பாலபிஷேகத்தில் சேர்ப்பதா தயிரபிஷேகத்தில் சேர்ப்பதா என்று கேட்டதற்குக் குருக்கள் யோசித்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரு குடம் போதும் என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் பாலும் பழமும் கொடுக்கக் கரண்டி வைத்தார்கள். சர்ச்சில் போதகர் பாலும் தேனும் ஓடுகிற தேசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டே வந்து, 'ஓடுகிற' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, இருமி, மேலே போனார்.

வைகுண்டத்தின் வீட்டில்தான் விஷயம் சிக்கலானது. அவன் அப்பா படுத்த படுக்கையாகி, சொந்தபந்தமெல்லாம் வந்து கூடி, ஆளுக்கொரு கரண்டி கடைசிப் பால் ஊற்ற வரிசையில் நின்றபோது பால் வாயிலேயே நின்றது. கிழவர் அதை மெதுவாக மென்று, ருசித்து, "இன்னும் கொஞ்சம் வை," என்றார். அன்றிலிருந்து தினமும் அதைத் தின்றுகொண்டு அவர் அப்படியே இருந்தார், தேறவும் இல்லை, போகவும் இல்லை. வந்த சொந்தக்காரர்கள் பையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

"எங்கப்பன் இருக்காரான்னு கேட்டா இருக்காருன்னு சொல்லணும்," என்று வைகுண்டம் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான். "எப்படி இருக்காருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலவே."

போனில் எப்சிபாவிடம் இதையெல்லாம் அருமைநாயகம் சொன்னான். இதைச் சொல்வது எளிதாக இருந்தது, அவள் கேள்விக்கு இடமே இல்லாமல் பிற்பகல் முழுக்கப் பாலைப் பற்றியே பேசிவிடலாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை.

"அதுக்கு இங்க ஒரு பேரு இருக்கு அத்தான்," என்றாள்.

"எதுக்கு?"

"உறை ஊத்தாம தானாக் கெட்டியாகுத பாலுக்கு. எங்க இல்லத்துல மார்ட்டின்னு ஒரு தாத்தா இருக்காரு, அவரு சொன்னாரு. அவரோட அம்மா அகலமான மண்சட்டியில பால ஊத்தி மூலையில வச்சிருவாங்களாம், அது பாட்டுக்குப் புளிச்சு இறுகிருமாம். வேனக்காலம் பூரா உருளக்கிழங்கோட அதத்தான் சாப்பிடுவாங்களாம். பான்ய க்ளாபர்."

"என்னது?"

"பான்யன்னா பாலு. க்ளாபர்னா இறுகிப்போனது. சேத்துக்கும் அதே பேருதானாம்."

"சேத்துப்பாலா?" அவனுக்குச் சுர்ரென்று வந்தது. "இங்க பாய்லரு துருப்பிடிச்சுக் கிடக்கு, நீ வெள்ளக்காரன் வச்ச பேரு சொல்லிட்டு இருக்க. பேர வச்சு டீ போட முடியுமாட்டி?"

"வெள்ளக்காரன் வேற, இவங்க வேற அத்தான். இது இவங்க சொந்தப் பேச்சு. பாதிப் பேருக்கு இப்ப மறந்தே போச்சு. நமக்குத்தான் ரெண்டே ரெண்டு வார்த்தை. ஒண்ணு தயிரு, இல்லன்னா கெட்டுப்போச்சு. அவங்களுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு."

"உனக்கு எதுக்கு அந்த வார்த்தை? நீ ஏன் போயி அவருகிட்ட கேட்ட?"

"சும்மா. பேச்சுவாக்குல," என்றாள் அவள்.

அன்றைக்கு அவள் வாரியளா என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவனுக்கு நிம்மதியாக இருந்தது, ராத்திரி படுத்தபின் அந்த நிம்மதி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

அதற்குள் ஊர் அந்தப் பாலில் பிழைக்கக் கற்றுக்கொண்டது. தானாய் இறுகுகிற பால், வேறெங்கும் கிடைக்காதது, பாலம் தாண்டினால் போய்விடும், இங்கேயே உட்கார்ந்து தின்றால்தான் உண்டு என்று சொல்லச் சொல்ல வெளியூர் ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். சின்ன மண்சட்டிகளில் பனங்கற்கண்டைத் தூவி விற்றார்கள், மிளகாயும் உப்பும் வைத்து விற்றார்கள், பதநீரோடு சேர்த்து விற்றார்கள். ஆட்டோக்காரன் விற்றான், பூக்காரி விற்றாள். வார்டு மெம்பர் லிங்கபாண்டி பஸ் ஸ்டாண்டில் கூட்டம் போட்டு, இதற்கு ஒரு நல்ல பெயர் வைக்க வேண்டும், பேனர் அடிக்க வேண்டும் என்றார்.

பாலாடைத்தயிர் என்றான் ஒருவன். தயிர் என்று சொன்னால் உறை ஊற்றினது யார் என்று வரும் என்றாள் பேச்சித்தாய். திரிபால் என்றான் இன்னொருவன், திரிந்த பால் என்று நினைத்து எவனும் காசு கொடுக்க மாட்டான் என்று அவனை உட்காரவைத்தார்கள். அருமைநாயகம் சும்மா இருந்திருக்கலாம். ஆனாலும் சொன்னான், அயர்லாந்தில் இதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று. கூட்டம் ஆளுக்கொருமுறை அதை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தது.

"வேண்டாம்வே," என்றார் லிங்கபாண்டி. "வாயில நிக்க மாட்டேங்கு. உம்ம பொண்டாட்டி ஊரு பேரெல்லாம் நமக்கு எதுக்கு? கட்டிப்பால்னு அடிச்சிருவோம். 'தேரிவிளைக் கட்டிப்பால்'. ஒரு மாமருந்துன்னு கீழ போட்டுக்கிடலாம்."

"எதுக்கு மருந்து?"

"வாங்குதவனுக்குத் தெரியும்வே எதுக்குன்னு. உமக்கென்ன? ஊருக்கே விடிஞ்சிருக்கு, உம்ம மூஞ்சி மட்டும் இருட்டிக் கிடக்கு. கடைய மூடிக்கிட்டு எத்தன நாளைக்கு அந்தப் பாய்லரக் கட்டிப்பிடிச்சுட்டு இருப்பீரு? ரெண்டு சட்டி வாங்கிப் போடும். கரண்டியால அள்ளி வைக்கத் தெரியாதா உமக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அள்ளி வைக்கத் தெரியும். ஆனால் கட்டிப்பால் விற்கத் தொடங்கினால் பால் இப்படியே இருந்துவிடும் என்று அவனுக்கு எங்கோ ஒரு பயம், அதை யாரிடம் எப்படிச் சொல்வது? பால் இல்லாமல் வெறும் வரட்டீ போட்டு விற்றுப் பார்த்தான். வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, எதிரே கட்டிப்பால் விற்கிற இடத்துக்குப் போனார்கள்.

எப்சிபா லீவில் வருகிறாள் என்ற செய்தி அப்படி ஒரு நாளில்தான் வந்தது, அடுத்த வருஷம் என்று சொன்னவள் இந்த வருஷமே வருகிறேன் என்றாள், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் லிங்கபாண்டி மாலை போட்டு, கையில் ஒரு சட்டியைத் திணித்தார். அவள் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். ஊரே அவள் வாயைப் பார்த்தது.

"நல்லாருக்கா தாயி? அயர்லாந்துலகூட இப்படிக் கிடைக்காதுல்லா?"

"நல்லாருக்கு," என்றாள் எப்சிபா. அவள் கண் கடையின் மேல் இருந்தது, குளிர்ந்துபோய் நின்ற பாய்லரின் மேல். "எனக்கு ஒரு டீ கிடைக்குமா?"

கிடைக்கவில்லை. இருந்த நாட்களில் அவர்கள் நிறையப் பேசினார்கள். ஓடு மாற்றுவது பற்றி, அவள் அண்ணன் மகள் கல்யாணம் பற்றி, அங்கே மழை எப்படிச் சாய்வாகப் பெய்யும் என்பது பற்றி, வைகுண்டத்தின் அப்பாவை இரண்டுமுறை போய்ப் பார்த்தது பற்றி. ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து அவ்வளவையும் பேசினார்கள். பேச வேண்டியது இருவருக்கும் நடுவில், தலையணை அளவுக்கு இடம் எடுத்துக்கொண்டு படுத்திருந்தது.

கடைசி நாள் பெட்டியைக் கட்டிக் கடைவாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று அவள் உள்ளே வந்தாள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையில் பேச்சித்தாய் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டுப் போன பால் அண்டாவில் நின்றது. கழுவாத கிளாஸ்கள் தொட்டிக்குள் என்றைக்கிருந்தோ கிடந்தன. எப்சிபா அண்டாவை எட்டிப் பார்த்தாள், விரல் முட்டியால் பாலைத் தட்டினாள்.

"என் ரூம்லயும் இப்படித்தான் அத்தான்."

"எது?"

"பாலு. நீங்க மழை வருதுன்னு போன வச்சீயள்லா, மறுநாள் காப்பிக்கு ஊத்துனா தொப்புன்னு விழுந்துச்சு. பிரிட்ஜு கெட்டுப்போச்சுன்னு வேற பிரிட்ஜு வாங்குனோம். அதுலயும் அப்படித்தான். அதுக்கப்புறம்தான் மார்ட்டின் தாத்தாகிட்ட போயி இது என்னன்னு கேட்டேன்."

அருமைநாயகமும் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தான்.

"கூட இருக்க பிள்ளைக பாலும் கெட்டியாயிட்டா?"

"இல்ல. என் தட்டுல வச்சது மட்டும்தான்." அவள் லேசாகச் சிரித்தாள். "எனக்கு அங்க பிரிட்ஜுல ஒரு தட்டுதான இடம். உங்களுக்கு ஊரே இருக்கு."

எதிரே வேனில் வந்து இறங்கியவர்கள் சட்டிகளை வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். பேனர் காற்றில் படபடத்தது. எப்சிபா பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அருமைநாயகத்தின் தொண்டையில் அன்றைக்கு விழுங்கிய வார்த்தை மறுபடி ஏறிவந்து நின்றது, இத்தனை நாளில் அது கொஞ்சம்கூடச் சிறுத்திருக்கவில்லை.

"நான் வரல எப்சி," என்றான். "ஒருநாளும் வரமாட்டேன். எனக்கு முடியாது."

"தெரியும்."

"கைரேகை விழலன்னு..."

"கைரேகை விழாதவரு போன எப்படித் தொறக்கீய? விரல வச்சுத்தான?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாத இடத்தில் வந்துவிட்டதே என்று வாயைப் பொத்தினான். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த இடத்தில், முகத்தைத் திருப்பாமலே, அவளுடையதைச் சொன்னாள்.

"நானும் திரும்பி வரல அத்தான். அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொன்னதெல்லாம் உங்களுக்காகச் சொன்னது. எனக்கு அங்க பிடிச்சிருக்கு. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வெளிய வந்தா ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது, நான் பாட்டுக்கு நடந்து போவேன். யாரும் எங்க போறன்னு கேக்க மாட்டாங்க. இங்க வந்தா எனக்கு அது இருக்காது."

அவன் தலையாட்டினான். அவள் மேல் கோபம் வரும் என்று பார்த்தான், வந்தது, ஆனால் பிடித்துக்கொள்ளும்படி அதற்குக் கைப்பிடி எதுவும் இல்லை.

"அப்ப நம்ம?" என்றான்.

"தெரியல," என்றாள் அவள். "கெட்டுப்போச்சுன்னு எனக்குச் சொல்லத் தோணல."

அப்போது அண்டாவுக்குள் களுக்கென்றது, தூங்குகிறவர் புரண்டு படுக்கிற மாதிரி. அருமைநாயகம் அண்டாவை ஒருபக்கம் சாய்த்தான். பால் ஓடிவந்து விளிம்பில் மோதித் திரும்பியது. ஒரு சட்டியை எடுத்து அதில் சாய்த்தான். முதலில் கூச்சல், பிறகு முனகல், கடைசியில் சொட்டுச் சொட்டாக முணுமுணுப்பு. இருவரும் அது முடிகிற வரை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பாய்லர் கொதிக்க நேரமில்லை, ஸ்டவ்வைப் பற்றவைத்தான். கையே தானாக வேலை செய்தது. பழைய கிளாஸ் ஒன்றைக் கழுவித் துடைத்து, தூக்கி ஆற்றி, நுரை நிற்க ஊற்றி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். எப்சிபா கையை நீட்டினாள்.

"இங்க தாங்க. ரோடு பொறுத்துக்கிடும்."

ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடினாள். "சீனி கூடிட்டு," என்றாள். முழுவதையும் குடித்துவிட்டு கிளாஸைத் தொட்டிக்குள் போட்டாள், பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலம் தாண்டுகிற வரை பஸ்ஸின் சத்தம் கேட்டது.

எதிரே கூச்சல் கிளம்பியிருந்தது. சட்டிகளில் பால் இளகி வேனில் வந்தவர்களின் சேலையிலும் செருப்பிலும் வழிந்துகொண்டிருந்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் கத்தினார்கள், லிங்கபாண்டி பேனருக்குக் கீழே நின்றுகொண்டு பசுமாடு மாறிவிட்டதா என்று பேச்சித்தாயைக் கேட்டார், பேச்சித்தாய் அவரை எந்த மாட்டோடு ஒப்பிடலாம் என்று சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தாள். யார் யாரையெல்லாமோ குற்றம் சொன்னார்கள். டீக்கடைக்காரனை யாரும் கேட்கவில்லை, அவனுக்கு இதில் என்ன தெரியும்?

வைகுண்டம் மேஜையை விட்டு எழுந்து வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"வீட்டுலேருந்து ஆள் வந்துட்டுப் போறான் மாஸ்டர். மத்தியானப் பாலு சுத்தமா உள்ள இறங்கிட்டாம். அப்பா போயிட்டாரு." கொஞ்ச நேரம் கடைக்குள் பார்த்தான். "டீ இருக்காவே?"

அருமைநாயகம் போட்டுக் கொடுத்தான். வைகுண்டம் நின்றபடி குடித்தான், அவசரமில்லாமல், கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த நுரையையும் ஆட்டிக் குடித்தான். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான்.

அருமைநாயகம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினான். வைகுண்டத்தின் கிளாஸையும் உள்ளே போட்டான். எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, எது யார் குடித்தது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, விரலை விட்டு அடியைச் சுற்றித் தேய்த்து, அலசிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினான்.